சாவு வீட்டுக் களி

என் மனைவி வாய் திறந்து ஒரு சாப்பாட்டைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. புற்றுநோய்க்கு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து எதை வைத்தாலும் தகரத்தை நக்குவது போலிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். சேலத்தில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மாதுளம்பழத்தோடு வந்து, அறிவுரையையும் இறக்கிவைத்துவிட்டு, காபியை ரசித்துக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த ஊசி போட முடியாது என்றார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் படுத்தபடியே, "அந்தக் கொட்டச்சேட்டுக் களி கிடைச்சா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள். காதில் விழுந்ததுதான் தாமதம், வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டு ஊரில், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீடு. முன்பக்கம் தகரம் போட்டு, பெஞ்சுகளை இழுத்துவிட்டு மெஸ் நடத்தினார்கள். மனைவி சமைப்பார், புருஷன் பரிமாறுவார், வேறு ஆள் கிடையாது. கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, அன்றைக்குத் தோட்டத்தில் எந்தக் கீரையோ அது. முதல்முறை போனபோது, டவுனில் வளர்ந்த என் மனைவி களியை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, களியப் போயி மெல்லுவாங்களா? கொழம்புல தோச்சு முழுங்கோணுமுங்க. அது பாட்டுக்கு எறங்கிரும்." அதன் பிறகு ஏற்காடு போனால் எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. ஆனால் ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கவில்லை.

மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மடக்கு உள்ளே போய், மூன்று மடக்காக வெளியே வந்தது.

மெஸ்ஸில் பெஞ்சுகளை ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்தார்.

"சாப்பாடுங்களா? இன்னிக்கு இல்லீங்க. அண்ணன் தவறிட்டாரு. நேத்துத்தான் எடுத்தோமுங்க."

களியை முழுங்கச் சொல்லிக் கொடுத்தவர்தான் போய்விட்டார். எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் செத்துப்போனவர் மேல். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்றுதான் மனசுக்குள் ஓடியது.

"ஒரே ஒரு உருண்டைங்க. காரில் இருக்கிறவங்களுக்கு உடம்பு சரியில்லை."

"சாவு உழுந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்க மாட்டோமுங்க. எங்களுக்கே சொந்தக்காரங்கதான் ஆக்கிட்டு வராங்க."

"மாவு மட்டும் கொடுங்க. நான் ரோட்டோரம் கல்லு கூட்டிக் கிண்டிக்கிறேன்."

எனக்கு வெந்நீர் வைக்கவே சரியாக வராது. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் காரைப் பார்த்தார். நானும் திரும்பினேன். கார்க் கதவு திறந்துகிடந்தது. அவள் இல்லை.

உடம்பு முடியாதவர்களைச் சாவு வீட்டு வாசலை மிதிக்க விடக் கூடாது என்பார்கள். வாழ்நாள் முழுக்க அதையெல்லாம் கிண்டல் பண்ணியவன் நான். அன்றைக்கு அவளை வெளியே கூட்டிவர உள்ளே ஓடினேன்.

அவள் பெண்களுக்கு நடுவே, சமைக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்போதுதான் தன் வீட்டிலிருந்து களியும் குழம்பும் கொண்டுவந்து இலையில் வைத்திருந்தாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு வாய் சாப்புடுக்கா. ஒரே ஒரு வாய்."

"அவங்களை விடுங்க" என்றாள் என் மனைவி. "மண்ணை மெல்லுற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்."

ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று மாதக்கணக்காக அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணி, புருவமில்லாத நெற்றி, வளையல் நிற்காத கை.

"நீ சோறு தின்னு எத்தன நாளாச்சு, கண்ணு?"

அந்த அம்மா தன் இலையை அவள் பக்கம் நகர்த்தினார். களியில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினார். ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அவள் கையில் கொடுத்தார்.

"மெல்லாத சாமி. முழுங்கு. அது பாட்டுக்கு..."

அது அவருடைய புருஷன் பேச்சு. வாயில் துணியை வைத்துக்கொண்டு அந்த அம்மா அழுதார், மற்ற பெண்களும் அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவே என் மனைவி முழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அடுத்ததைத் தானே கிள்ளினாள். அதை அந்த அம்மாவிடம் நீட்டினாள். "நீங்களும்" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு துண்டாக இலையில் பாதி காலியானது. யாரும் அவர்களைச் சாப்பிடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் வாசலுக்குக் கூட்டிவந்தேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மறுபடியும் இதே மாதிரி வரவேண்டியதாகிவிடும் என்ற பயம். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டுப் போ, கண்ணு."

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல். பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "யக்கா, சாவு ஊட்டுல போயி..." என்றாள் களி கொண்டுவந்தவள்.

"எனக்குத் தெரியாதா? இந்தப் புள்ள மட்டும் வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போவோணும்."

என் மனைவி அசையவில்லை. அடுத்த தீபாவளி, அடுத்த கோடை என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிறவள் அவள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போயிட்டு வரேங்க" என்றாள்.

இறங்கும்போது முதல் கியரை மாற்றவே இல்லை. அவள் மடியில் வாந்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு வளைவிலும், மலைச்சாமி சேர்வராயா, என்னிடம் வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அந்தக் களியை மட்டும் அவளிடம் விட்டுவை என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டித் திட்டினார். திட்டிக்கொள்ளட்டும். அவள் தூங்கிவிட்டாள். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோதும் பை காலியாகவே இருந்தது.