மொட்டைக்கு முன், மொட்டைக்குப் பின்

எண்ணெய்க் கம்பெனியில் எண்ணெய் காய்ச்சுவது சுலபம், நம்மைப் பார்த்தே இராத ஊர்க்காரர்களை நம்ப வைப்பதுதான் வேலை. அந்த வேலையில் ஒன்பது மாதம் இருந்தேன். முகம் தெரியாமல் நின்று அடுத்தவர் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து திட்டலாம். நான் எட்டாவதுவரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க, கோபத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க.

முதுகுக்குக் கிடைத்த வேலை

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் கூந்தல் எண்ணெய் காய்ச்சுகிறார்கள். முதலாளி துபாயில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு வேலை பார்த்தவர். "அந்த ஊருப் பொம்பளைங்க முடின்னா உயிரக் குடுப்பாங்க" என்று, உள்ளூரில் ஒரு பாட்டில் விற்பதற்கு முன்னாலேயே அவர்களுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்துவிட்டார். நான் லேபிள் ஒட்டப் போனவள். முழங்கால்வரை தொங்குகிற என் சடையைப் பார்த்தார். அடுத்த நாளே லைவ் வீடியோவில் நிற்கச் சொன்னார்.

நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "மூஞ்சியெல்லாம் காட்ட முடியாதுங்க சார், எங்க வூட்ல திட்டுவாங்க" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் மூஞ்சி யாருக்கும்மா வேணும்? செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லு."

சாப்பிட்டீங்களா?

நமக்குச் சாயங்காலம் ஐந்தரை என்றால் அவர்களுக்கு எட்டு மணி. அப்போதுதான் லைவ். தர்மபுரியிலிருந்து வருகிற ஷபானா காலேஜ் முடித்த பெண், போனுக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் பேசுவாள். நான் பின்னால் சுவரைப் பார்த்துத் தலை வாருவேன். பார்க்கிறவர்கள் எழுதி அனுப்புவதை அவள் எனக்கும் தமிழில் சொல்லுவாள். அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் போலத்தான். தெரியாதவளையும் அக்கா என்கிறார்கள். எண்ணெய் விலைக்கு முன்னால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "வெலையக் கேக்காம சோத்தக் கேக்கறாளுவ. பதில் சொல்லாத, ஆஃபர் மட்டும் சொல்லு" என்று ஷபானாவுக்கு உத்தரவு. சோறு சாப்பிட்டாயா என்று கேட்டவளுக்கு ஆஃபர் சொல்கிற தொழில் என்ன தொழிலோ! ஒருநாள் ஒரு அம்மா எழுதியதைப் படித்துவிட்டு ஷபானா சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள்: "அந்த அக்கா என்ன குத்தம் பண்ணாங்க, தினமும் செவுத்தப் பாத்து நிக்க வெச்சிருக்கீங்க?"

சந்தனம்

மாசியில் என் மகள் கனிஷ்காவுக்கு முதல் மொட்டை. மூன்று வயதுவரை கத்தி படாத முடி, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. குலதெய்வம் கோயிலில் என் அண்ணன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்தோம். மலைக்கே கேட்கிற மாதிரி அழுதாள். தலையில் சந்தனம் பூசி, அண்ணன் மடியிலேயே அழுத முகத்தோடு ஒரு போட்டோ. முதல் நாள் முடியோடு எடுத்தது ஒன்று. இரண்டையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் ஷபானா, "நீங்க சரின்னு சொன்னதா சார் சொன்னாருக்கா" என்று போனை நீட்டினாள். கம்பெனிப் பக்கத்தில் என் பிள்ளை! மொட்டை போட்டோ முதலில்: 'எண்ணெய்க்கு முன்'. முடியுள்ள போட்டோ அடுத்து: 'மூன்று மாதத்துக்குப் பின்'. அண்ணனை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஏஞ்சல் என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஐயோ பாவம், தலையில மஞ்சளா என்ன மருந்து? கொழந்தைக்கு என்ன நோய்?" என்று கீழே அந்த ஊர் அம்மாக்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். சாமிக்குக் கொடுத்த முடி, நோயாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலாளி முன்னால் போய், "அத எடுத்துருங்க சார்" என்றேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவங்க ஊர்ல ஏதும்மா மொட்ட? அவங்களுக்கு என்ன தெரியப் போவுது, போயி லேபிள் ஒட்டு."

ஆறு பாட்டில்

இரண்டு வாரம் போனது. ஜாய் என்று ஒரு அம்மா கம்பெனிப் பக்கத்துக்கு எழுதியிருந்ததை ஷபானா படித்துச் சொன்னாள். அவர் மகளுக்கு ஐந்து வயது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டிவிட்டது. தினமும் ஏஞ்சல் போட்டோவைக் காட்டச் சொல்லி, "மூணு மாசத்துல எனக்கும் வந்துருமா?" என்று கேட்கிறாளாம். ஆறு பாட்டில் வேண்டுமாம். 'நிச்சயம் வரும்' என்று முதலாளியே பதில் போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வைத்திருந்தார். அந்த இதயத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

அன்றைக்கு லைவில் பாதி தலை வாரும்போதே சீப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். "ஷபானா, நான் சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு."

"அக்கா, ரெண்டு பேருக்கும் வேல போயிரும்."

"போவட்டும்."

அவள் போன் பக்கம் திரும்பினாள். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் சொன்னாள். அது என் பிள்ளை. அவளுக்கு நோய் எதுவும் இல்லை. முடி இருந்தது முதலில், மொட்டை அப்புறம். பூசியது சந்தனம், எங்கள் சாமிக்கு வேண்டுதல். இந்த எண்ணெய் அவள் தலையில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. ஜாய் அக்கா, வாங்காதீங்க.

நான் தலை குனியவில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று பார்க்கிறவர்களின் திட்டு கொட்டியது, கொட்டட்டும். வெளியே போன் பேசிக்கொண்டிருந்த முதலாளி ஓடிவந்து லைவை நிறுத்த போன் ஸ்டாண்டில் கை வைத்தார். அதற்குள் ஜாய் எழுதியது வந்துவிட்டது. ஷபானா அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எனக்குப் படித்தாள்: "அப்போ உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையா? கடவுளுக்கு நன்றி. ரெண்டு வாரமா என் மகளோட சேத்து ஏஞ்சலுக்கும் ஜெபம் பண்ணிட்டு இருக்கேன். அவ நிஜப் பேரச் சொல்லுங்க, இன்னிக்கு மாத்திச் சொல்லிடறேன்."

உன் மூஞ்சி யாருக்கு வேணும் என்று கேட்ட முதலாளி, இப்போது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பதைக் கண்டால் தன் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார்.