தோற்றுக்கொண்டே இருந்த அணி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஜெர்சி சிட்டியில் ஒரு வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தோம். குளிர் தொடங்கப் போகிற நேரம். என் மகனுக்கு இரண்டரை வயது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

டாக்டர் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அங்கே ஜனவரியில்தான் இடம் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. "வீட்ல தமிழ், டேகேர்ல இங்கிலீஷ்னா குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடும்டி" என்று ஒரு தோழி சொன்னாள். அன்றிலிருந்து அவனிடம் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டேன். சோறு ஊட்டும்போதுகூட ஆங்கிலம்தான். எனக்கு ஆங்கிலத்தில் கொஞ்ச வராது. அதனால் கொஞ்சுவதே குறைந்துபோனது. "என்ன, அவனை இன்டர்வியூ பண்றியா?" என்று கணவர் கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கீழ் வீட்டில் ஓர் இலங்கைத் தமிழ் ஆன்ட்டி, பல் டாக்டர். வாரம் முழுக்க ஆள் இருப்பதே தெரியாது. ஞாயிறு மதியம், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து தொடங்கிவிட்டால் கட்டடமே அதிரும். ஒரு நாள் அந்தச் சத்தத்தில் மகன் தூக்கம் கலைந்து அழுதான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனேன்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. எங்கட பெடியள் தோக்கிறதைப் பாக்க எனக்கும் ஒரு துணை வேணும்" என்றார் ஆன்ட்டி. வந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் அதற்குள் சோபாவில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அதன்பின் ஞாயிறு வந்தால் செருப்பைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றுவிடுவான். பேசாத குழந்தையை டிவி முன்னால் உட்கார வைக்கிறோமே என்று எனக்கு உறுத்தும். போகாவிட்டால் அழுவான். ஆன்ட்டியின் அணியோ வாராவாரம் தோற்றது. யாராவது பந்தோடு கிளம்பினால் ஆன்ட்டி எழுந்து நின்று, "ஓடு! ஓடடா, ஓடு!" என்று கத்துவார். விழுந்துவிட்டால், "காலமை இவன் சாப்பிடேல்லையோ?" என்பார். மகன் ஆட்டத்தைவிட அவர் வாயைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். ஆன்ட்டி சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். டிவியில் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தான். மகன் சோபா மேல் எழுந்து நின்றான்.

"ஓது! ஓது!"

அவன் என் பக்கம் திரும்பினான். நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டு, டிவியைக் கைகாட்டி மறுபடியும் "ஓது!" என்றான்.

ஆன்ட்டி கரண்டியோடு ஓடிவந்தார். "ஆர் கத்தினது? இவனோ?" நான் தலையாட்டினேன். "என்ர குஞ்சு! அந்தக் கோச்சை அனுப்பிப்போட்டு இவனை வைக்கலாம்!" என்று அவனை அள்ளிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். எந்த மொழி என்பதுகூடச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த அணி அன்றும் தோற்றுவிட்டது என்று பிறகு கணவர் சொல்லித்தான் தெரியும்.

ஜனவரியில் தெரபிஸ்ட்டைப் பார்த்தோம். தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமாகாது, உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதையே நிறையப் பேசுங்கள் என்றார். சில மாதங்கள் பயிற்சியும் தேவைப்பட்டது. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

பிள்ளை விஷயத்தில் எதற்கும் நூறு முறை யோசிக்கிறவள்தான் நான் இன்றும். ஆனால் அவனை எந்த மொழியில் கொஞ்சுவது என்று மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யோசித்ததே இல்லை.