சிவப்பு மூடி மருந்து

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. அதிலும் ஆஸ்பத்திரி என்றால் சுத்தமாக நம்பிக்கை கிடையாது.

சோமனூரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறேன். நெய்த துணியை மொபெட்டில் ஏற்றி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரால் இழுத்துக் கட்டுவது வழக்கம். போன வருஷம் அப்படிக் கட்டும்போது ரப்பர் அறுந்து வலது கண்ணில் விளாசிவிட்டது. இரண்டே நாளில் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தியது. மனைவி என்னைக் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நுழைந்ததும் நுழையாததுமாக, "இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்றார்கள். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. அடிபட்டதில் கண்ணுக்குள் அழற்சி என்றார் டாக்டரம்மா. இரண்டு சொட்டு மருந்து எழுதினார். வெள்ளை மூடி அழற்சியை ஆற்றவாம். சிவப்பு மூடி கண் பாப்பாவை விரித்து வைக்கவாம். "செவப்பு ஊத்துனா மங்கலாத்தான் தெரியும். பயந்துக்காதீங்க" என்றார். கெடுக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறாரோ என்று தோன்றியது.

சிவப்பு மூடியை ஊற்றினால் தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை. ஊற்றாதபோது ஓரளவு தெரிந்தது. இருக்கிற பார்வையைக் கெடுத்து ஆபரேஷனில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். மனைவியிடம் சொன்னால் சண்டைதான் வரும். புட்டியில் மருந்து குறைகிறதா என்று தினமும் பார்க்கிறவள் அவள். அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வெள்ளையைக் கண்ணில் விட்டுக்கொண்டு சிவப்பைத் தலையணையில் விட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது டாக்டரம்மா கண்ணைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய பாப்பா ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டதாம். விரிந்தே இருந்தால் ஒட்டாது, அதற்குத்தான் அந்த மருந்தாம்.

"இப்பிடியே உட்டா கண்ணுல பிரஷர் ஏறிப் பார்வையே போயிரும். யாரு மருந்து ஊத்தறது?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் மனைவி, "நாந்தானுங்க. கை நடுங்குதுங்க, பாதி வெளிய போயிருதுங்க" என்றாள்.

அந்தப் புட்டியை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. டாக்டரம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது. இவள் எதற்கு இப்படிப் பொய் சொல்கிறாள், டாக்டரோடு சேர்ந்துகொண்டாளா என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் வரை உட்காரவைத்து மருந்தை விட்டுக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளை, ஒட்டியது பெரும்பாலும் விட்டுவிட்டது. பஸ் ஸ்டாப்பில், "எதுக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டேன்.

"காத்தால தலகாணி உறை மாத்தறப்பத்தான் பாத்தனுங்க. செவத்துப் பக்கம் பூராம் மருந்துக் கறை."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களத் திட்டுனா எந்திரிச்சு வந்துருவீங்க. அப்பறம் அந்தப் பக்கமே கால் வெக்க மாட்டீங்க. என்னையத் திட்டிட்டுப் போறாங்க, கண்ணு இருந்தாப் போதுமுங்க."

வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது சரிதான். நான் எழுந்துதான் வந்திருப்பேன்.