அவரே எண் போட்ட உத்தரவு

என் கணவர் குடிநீர் அலுவலகத்தில் தபால் எழுத்தர். அவர் எண் போடாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது. கோப்பு ஒன்று தொலைந்த பழி அவர் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை விசாரணை என்றார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே அவர் மேசைக்கு வந்த தபால் கட்டிலேயே அவருடைய பணிநீக்க உத்தரவும் இருந்தது.

வழக்கம்போல எண்ணும் தேதியும் போட்டார். மேலாளரும் வழக்கம்போலப் படிக்காமலே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"கேட்டுச் சண்டை போட்டிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு? என் சாவு ஓலைக்கு நானே நம்பர் போட்டுட்டேன்டி. இனி அவங்களால தேதிய மாத்த முடியாது."

ஒன்பது வருடம் கழித்து, அவர் போட்ட வழக்கில் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. கேட்காமல் தண்டித்தது செல்லாது, மறுபடி விசாரியுங்கள் என்றது. அந்த அழைப்பு இன்று வந்தது. 'நேரில் வந்து தங்கள் தரப்பைச் சொல்லவும்.' அவர் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு நாளாகிறது.

உட்கார முடியவில்லை. உறையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். விசாரணைக்கு நான் போகிறேன். அவர் சொல்ல வைத்திருந்ததை இத்தனை வருடமும் கேட்டவள் நான் ஒருத்திதான்.