டயர் தெருவைக் கவிழ்த்துப் போட்டவர்

நாமக்கல்லை விட்டு வந்து குடியேறிய ஃபேர்லேண்ட்ஸ் காலனியில், என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, என் காலை நானே அடித்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில்தான் டெலிபோன் மணி அடித்தது. நாமக்கல்லிலிருந்து கந்தசாமியண்ணன்.

“உங்கக்கா போயிட்டா சாமி. மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தா, எந்திரிக்கல.”

உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்த கொசுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழனியம்மாக்காவின் தெருவில் இந்த ஜாதிக்குப் பிழைப்பே கிடையாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. அவர் கணவர் கந்தசாமியண்ணனுக்குச் சொந்த லாரி. எனக்கு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா வேலை. தெருவில் கோலமில்லாத வாசல் இருக்கலாம், பழைய டயர் அடுக்காத வாசல் இருக்காது. ‘மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடு போட்டால் இன்னொரு பம்பாய் ட்ரிப் ஓடும்’ என்று ஒருவரும் ஒரு டயரையும் விடமாட்டார்கள். லாரியே இல்லாத நானும் கௌரவத்துக்காக ஒரு ஜோடி வைத்திருந்தேன்.

கொசுவுக்கு நாங்கள் அறிந்த வைத்தியம் புகைதான். அக்கா வேப்பிலைப் புகை போட்டால் கொசுவெல்லாம் என் வீட்டுக்கு வரும். நான் நொச்சிப் புகை போட்டால் திரும்பி அங்கே போகும். இந்தச் சண்டையில் புகைக்குப் பயந்து ஊரைவிட்டே போனது என் மனைவி மட்டும்தான், பரமத்தி வேலூரில் தாய்வீட்டுக்கு.

அப்போது அக்காவின் ஒரே மகள் சரோஜாவுக்குத் தலைப்பிரசவம். கட்டுச்சோறு விருந்து வைத்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் பேச அயோத்தியாப்பட்டணத்துச் சம்பந்தியம்மா வந்தார். வாசலில் உட்கார்ந்தார், அடித்தார், சொறிந்தார், எழுந்தார்.

“பச்சப் புள்ளைய இந்தக் கொசுக் காட்டுல போட முடியாதுங்க. பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்” என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார்.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்க யோக்கியதை இல்லாத வீடு! அன்று அக்கா அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலை வாசலுக்கு வந்தவர், ஆத்திரத்தில் எதிரே இருந்த டயரை ஓங்கி உதைத்தார். உள்ளே கிடந்த மழைத் தண்ணீர் தெறித்தது. சிமெண்டுத் தரையில் நெளிநெளியாகப் புழுக்கள்.

“ஏனுங், ஓடியாங்க! நாம புகை போட்டு வெரட்டறோம், எங்க ஊட்டுக்காரரு டயர்ல வளத்தறாரு!”

தெருவே கூடிப் பார்த்தது. அண்ணன் மட்டும் டயர் அடுக்கை மறித்து நின்றார்.

“டயர்ல கை வெச்சீன்னா பாரு.”

“உங்களுக்கு டயர் வேணுமா, பேரப்புள்ள வேணுமா?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. அவர் பதில் சொல்வதற்குள் டயர்கள் உருள ஆரம்பித்துவிட்டன. ரீட்ரேடுக்குத் தேறியவை என் கொட்டகைக்குள் ஏறின. அங்கே நின்ற என் ஸ்கூட்டர் மழைக்கு வந்தது. “வண்டி நனைஞ்சாக் கொசு வராதுங் சாமி” என்று எனக்கு ஆறுதல் வேறு. தேறாத டயர்களில் மண்ணை நிரப்பிக் கத்தரி நட்டார். என் கௌரவ ஜோடி காய்த்த கத்தரிக்காயை நானே தின்றிருக்கிறேன்.

அத்தோடு விட்டாரா? வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறினார். குடம், அண்டா, கொட்டாங்குச்சி எதுவானாலும் “கவுத்துப் போடு சாமி!” கிழவருக்கும் அதே சாமி, குழந்தைக்கும் அதே சாமி. ஆட்டுக்கல் குழியைத் துணியால் ஒற்றியெடுத்தார், தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து தேய்த்தார். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் சீறினார்.

“எங்க ஊட்டு அண்டாவக் கவுக்க நீ ஆரு?”

“சரோசாவோட அம்மா” என்றார் அக்கா. அண்டா கவிழ்ந்தது.

அக்கா சொல்லியனுப்பி, சம்பந்தியம்மா மறுபடி வந்தார். அதே வாசல், அதே நாற்காலி. வெயில் தாழ்ந்தது. அவர் காலை நன்றாக நீட்டி வைத்து, வந்து கடி என்பதுபோலக் காத்திருந்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வழி தவறிய கொசு ஏதாவது இருந்தால் என்னிடம் வரட்டும் என்று நான் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். எதுவும் வரவில்லை. விளக்கு வைத்தார்கள். சம்பந்தியம்மா காலை மடக்கினார்.

“காப்பி இருக்குதா சம்பந்தி? குடிச்சிட்டு நாளப் பேசலாம்.”

தெருவில் நின்ற லாரியெல்லாம் ஹாரன் அடித்தன. சரோஜா வந்தாள், பேத்தி பிறந்தாள், கொசுவலை இல்லாத தூளியில் அவள் தூங்குவதை அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். பிற்பாடு சம்பந்தியம்மாவே அக்காவைக் கையோடு அயோத்தியாப்பட்டணத்துக்கு அழைத்துப்போனார். “எங்க ஊட்டையும் ஒருதரம் பாத்துக் குடுங்க” என்று கேட்டாராம். அக்கா போய் அந்தத் தெருவையும் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

டெலிபோனை வைத்ததும் நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் பொழுது சாயும்வரை அவர் வாசலில் அவ்வளவு கூட்டம் உட்கார்ந்திருந்தது, ஒருவரும் காலைத் தட்டவில்லை. அக்காவைக் குளிப்பாட்டிய குடம் ஒன்று, அடியில் தண்ணீரோடு சுவரோரம் நின்றது. சம்பந்தியம்மா அழுத முகத்தோடு பேத்தியின் தோளைப் பிடித்து எழுந்தார். குடத்தைக் கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து அழுகையைத் தொடர்ந்தார்.

போய் வாருங்கள் அக்கா. அங்கே யார் வந்து ‘நீ ஆரு?’ என்று கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். கவுத்துப் போடுங்கள்.