அத்தை வீட்டு மலாவி ஏரி

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியை அப்படியே தூக்கிவந்து வரவேற்பறையில் வைத்த ஒரே ஆள், இந்த உலகத்தில் என் அத்தைதான். ஏரி வந்ததும் சோபாவுக்கு இடமில்லை. அது மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. மாமா அதிலிருந்து எழும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்கிறார்.

அத்தை பேருந்து ஓட்டுபவர். அவர் ஹார்ன் அடித்தால் லாரிக்காரர்களே ஒதுங்குவார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் பூனைநடை. ஏரி என்கிற அந்தக் கண்ணாடித் தொட்டியில் இருப்பவை சிக்லிட் மீன்கள். பாறை இடுக்குகளில் வாழும் சண்டைக்கோழிகள். நீல மீன் ஒன்று நல்ல பொந்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். உடனே அத்தை தோள்வரை கையை விட்டுப் பாறைகளை எல்லாம் இடம் மாற்றிவிடுவார்.

“சொந்த இடம்னு ஒண்ணு இருந்தாத்தானே ரவுடித்தனம் பண்ணுவே? போ, இப்பப் போய் வாடகைக்குத் தேடு!”

அந்த ஏரித் தண்ணீர் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீராம். அதற்காக வடிகட்டியில் சிப்பி ஓடுகளை நொறுக்கிப் போடுகிறார்.

“எனக்கு என்னிக்காவது இப்படித் தண்ணி பாத்துக் குடுத்திருக்கியா?” என்றார் மாமா.

“நீங்க முட்டை போடுங்க, பாக்கலாம்.”

மூன்று வாரமாக ஒரு கல்லும் அசையவில்லை. மஞ்சள் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாக்கிறது. குஞ்சுகளை வெளியே விடும்வரை பட்டினி. மிரண்டால் அத்தனையையும் விழுங்கிவிடும். முன்பு இரண்டு தடவை அப்படி ஆனது. அன்றெல்லாம் அத்தை கண்ணில் தூசி என்றார். அந்த வீட்டில் தூசி ஏது?

“டேய் வாலு, இந்தத் தடவை உன் சேட்டையால ஏதாவது ஆச்சு, உன்னையும் அந்த ரவுடிகூடப் போட்டுடுவேன்.”

“ஒரு மீனுக்குப் போய் இவ்ளோ அலட்டலா!” என்றேன்.

இன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அத்தை, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் மீன் வாயைத் திறந்தது. நொய்யரிசி அளவில் குஞ்சுகள் சிதறின. மாமா தும்மினார். எல்லாம் மறுபடி அம்மா வாய்க்குள். அத்தை மாமாவை முறைத்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாய் மீண்டும் எட்டிப் பார்த்தன. அத்தை சத்தமே வராமல் கைதட்டினார்.

திடீரென்று வாசல் பக்கம் திரும்பினார்.

“கிறீச்னு ஊரைக் கூட்டுற கதவாச்சே இது. நான் வரும்போது சத்தமே காணோம்?”

“எனக்கென்ன தெரியும்? காத்து மாறியிருக்கும்.”

அத்தை என் கையைப் பிடித்து இழுத்து விரல்களை முகர்ந்து பார்த்தார். தையல் மிஷின் எண்ணெய் வாடை, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை.

அத்தை முக்காலியில் பாதியை எனக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.