சாவியக்காவின் மூக்கு

பால் பாக்கெட்டைப் பிரித்தாலும் சரி, புதிதாக வந்தவரின் ஷாம்பு பாட்டிலைத் திறந்தாலும் சரி, சாவியக்கா முதலில் கொடுப்பது மூக்குக்குத்தான். மூடியைத் திருகி, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு. "ம், சோப்புதான்" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார். சென்ட், இருமல் மருந்து என்றால் திறப்பதே இல்லை. நேரே அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

குடியிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் மீள வரும் பெண்களுக்காக ஒரு சபை நடத்தும் வீடு அது. மாடியில் கட்டில்கள், கீழே சமையலறையும் ஜெப அறையும். சாவியக்காவும் குடியை விட வந்தவர்தான். வந்த மாதமே மருந்து அலமாரியின் பூட்டை உடைத்தவர். "உடைச்சவ கையிலயே சாவியக் குடுத்துட்டாங்க சிஸ்டர். இப்ப நான் யார்கிட்டப் போய்த் திருட?" என்று சிரிப்பார். சிஸ்டர்தான் அந்த வீட்டை நடத்துகிறவர்.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்குள்ள அலுவலக மேசை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேலையைப் பற்றிச் சொன்னபோது அம்மா, "குடிகாரங்ககிட்டேருந்து தப்பிக்கத்தானே உன்னப் படிக்க வெச்சேன்?" என்றார். அதற்கான பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஒருநாள் சாவியக்காவிடம் கேட்டுவிட்டேன்: அந்த வாசம் இப்போதும் பிடிக்குமா?

"பிடிக்காமயா? பிடிக்கப்போய்த்தானே மோந்து பாக்கறேன். பிடிக்காதவளுக்கு என்ன தெரியும் கண்ணு?"

ஜெப அறையில் மற்றவர்கள் உருகி உருகி ஜெபிப்பார்கள். இவருடையது ஒற்றை வரி. "ஆண்டவரே, இன்னிக்கி."

"நாளைக்கு?" என்றேன்.

"அத நாளைக்குக் கேட்டுக்கலாம். மொத்தமாக் கேட்டா, இவ எங்கயோ கெளம்பறான்னு அவருக்கே சந்தேகம் வந்துரும்."

மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் சாவிக்கொத்தை விரலில் சுற்றுவார். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டுத் திரும்பும் அம்மாவைக் கதவிலேயே நிறுத்தி, "குனி" என்பாளாம் அந்தச் சிறுமி. வாயை மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். "நானும் ஏலக்காய மென்னுட்டுத்தான் போவேன். கழுத, கண்டுபிடிச்சிரும்." கடைசியில் ஒருநாள் மோந்து பார்க்காமலேயே அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அவள்தான் அன்று போன் செய்திருந்தாள். "ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வரேன். ஒரே ஒரு தடவ. சரியில்லன்னா அதோட சரி."

அந்த வீட்டு ஆராதனையில் எல்லோருக்கும் பகிரும் திருவிருந்தில் ஒயின் கிடையாது, திராட்சைச் சாறுதான். வெள்ளிக்கிழமை திராட்சையைப் பிழிந்து, கொதிக்கவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். "கொதிச்சா கர்த்தருக்கு, மறந்தா சாராயக்கடைக்காரனுக்கு" என்பது சாவியக்காவின் வேதவாக்கு. அந்த வாரம் அந்த வேலையை, ஊசி மருந்துப் பழக்கத்தை விட வந்திருந்த நர்ஸம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். அடுப்பை மூட்டுவதற்குள் ஜெப மணி அடிக்க, நர்ஸம்மா பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுப் போனார். மறுநாள் திறந்து பார்த்தால் மேலே நுரை. யாரோ கொதிக்கவைத்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே மூடிவிட்டார்.

ஞாயிறு காலை மூடியைத் திறந்த சாவியக்கா, கண்ணை மூடவில்லை. ஒரு மூச்சு. வழக்கமில்லாமல் இன்னொரு மூச்சு. சாறு புளித்து ஒயினாகியிருந்தது. கை பாத்திரத்தின் விளிம்பிலேயே நின்றது.

"சிஸ்டரக் கூப்பிடவாக்கா?" என்றேன்.

"அவங்க வர்ற வரைக்கும் நான் தாங்க மாட்டேன். அந்தக் காதப் பிடி கண்ணு, சீக்கிரம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியில் கவிழ்த்தோம். பின்னால் நின்ற நர்ஸம்மா விசும்பினார். "தெரிஞ்சு செய்யலக்கா..."

"தெரியும்டி. தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒளிச்சுல்ல வெச்சிருப்பே. போ, மூஞ்சியக் கழுவு."

கவிழ்த்த வேகத்தில் சாவியக்காவின் சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியதே தவிர, வாசம் அடங்கவில்லை. "இன்னிக்கின்னு பாத்தா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

"சட்டைய மாத்திட்டு வாங்கக்கா, நான் போய்த் திறக்கறேன்."

"வேணாம். ஒளிச்சா அதையும் கண்டுபிடிச்சிருவா."

வாசலில் மகள். அம்மாவைவிட ஒரு தலை உயரம். உள்ளே வைத்த காலை அப்படியே நிறுத்தினாள். வாசம் எட்டிவிட்டது. அவள் பார்வை நனைந்த சட்டைக்கைக்குப் போனது, பிறகு அம்மாவின் முகத்துக்கு.

திராட்சை, நுரை, நர்ஸம்மா எதையும் சாவியக்கா சொல்லவில்லை. கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து நின்றார்.

இம்முறை குனிந்தது மகள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

பிறகு கைப்பையை என் கையில் திணித்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். குழாயைத் திறந்து சட்டைக்கையைப் பிடித்தாள். அடுப்புப் பக்கத்திலிருந்த உப்பை அள்ளிக் கறைமேல் அப்பி, சலவைக்கடைக்காரியின் மகள் தேய்க்கத் தொடங்கினாள்.